எஃப் கார்டில் நின்றுபோன விரல்கள்

வாசகர் கேள்வி – பதில்: கிட்டார் பயிற்சி

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, ஒரே வருத்தத்தை வெவ்வேறு சொற்களில் சொல்லுகின்றன. தொடங்கியபோது இருந்த ஆர்வம் இப்போது இல்லை, கிட்டாரைத் தொடவே மனம் வரவில்லை, என்ன செய்வது என்கிறார்கள். அவற்றுள் நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்ற மூவருக்கும் அதில் பயன் உண்டு என்பதால் அதையும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 43. திருச்சியில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். சிறுவயதில் மூன்று ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றிருக்கிறேன். மகன் கல்லூரி விடுதிக்குப் போனபின், அவன் வீட்டில் விட்டுச்சென்ற கிட்டாரை எடுத்துக் கற்கத் தொடங்கினேன். முதல் மூன்று மாதங்கள் மிகவும் மகிழ்ச்சியாகக் கழிந்தன. சி, ஜி, டி, ஏ மைனர், ஈ மைனர் ஆகிய கார்டுகளை (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கும் பிடிகளை) வாசித்தபடியே பாடவும் முடிந்தது. நான்காம் மாதத்தில் எஃப் கார்டு வந்தது. ஐந்து வாரங்களாக வேறெதையும் வாசிக்காமல் நாள்தோறும் முயன்றும் அது ஒருமுறைகூடத் தெளிவாக ஒலிக்கவில்லை. இப்போது கிட்டாரைப் பார்த்தாலே அயர்ச்சியாக இருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் விரல் வளையாது என்று உடன் பணிபுரிவோர் சொல்லுகிறார்கள். போன ஆர்வத்தை எப்படி மீட்பது?
– வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். ஆர்வம் போனவர் எழுதிய கடிதமாக அது எனக்குத் தெரியவில்லை. ஒரே கார்டோடு ஐந்து வாரங்கள் மல்லுக்கட்டியவருக்கு ஆர்வமில்லை என்று யார் சொல்ல முடியும்? வழியில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. அது இன்னதென்று தெரியாததால், குறை தம்மிடம்தான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கற்பித்துவரும் நான், ஆர்வம் போய்விட்டது என்று சொல்லி வருபவரிடம் அவருடைய மனத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், அவருடைய கிட்டாரைத்தான் கையில் வாங்கிப் பார்ப்பது வழக்கம்.

உங்கள் கிட்டாரையும் அவ்வாறே பார்த்துவிடுவோம். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளால் பிரிந்த கட்டங்களை ஃப்ரெட் என்பார்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டைக் கண்டுபிடியுங்கள்; பெரும்பாலான கிட்டார்களில் அங்கே இரண்டு புள்ளிகள் பதித்திருக்கும். அந்த ஃப்ரெட்டின் உலோகக் கம்பிக்கும் தடித்த ஆறாம் கம்பிக்கும் இடையிலுள்ள உயரத்தை 'ஆக்‌ஷன்' என்பார்கள். ஒரு வங்கி அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. எண்கள் புடைத்திராத சமதளமான அட்டைகள் நான்கினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த இடைவெளியில் மெல்ல நுழைத்துப் பாருங்கள். கம்பியைத் தூக்காமல் நான்கும் நுழைந்துவிட்டால் உயரம் 3 மி.மீ.க்கும் அதிகம் என்று பொருள். எஃகுக் கம்பி கிட்டாருக்கு 2 முதல் 2.5 மி.மீ. வரை இருந்தால் போதுமானது. (நைலான் கம்பி கிட்டாரில் 4 மி.மீ. அளவுக்கு இருப்பதும் இயல்புதான் என்பதால், இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.)

அடுத்து, ஆறாம் கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் அதே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் சரி. அதைவிட மிக அதிகமாக இருந்தால், கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் 'நட்' என்ற சிறு துண்டில் கம்பிக்கான பள்ளங்கள் போதிய ஆழத்துக்கு வெட்டப்படவில்லை. எஃப் கார்டைப் பிடிப்பதோ அந்த நட்டை ஒட்டிய முதல் ஃப்ரெட்டில். கம்பி அங்கேதான் மிகவும் விறைப்பாக எதிர்த்து நிற்கும். உயரமான நட் உள்ள கிட்டாரில் எஃப் கார்டைப் பிடிப்பது தேர்ந்த கைக்கே சோதனையாக இருக்கும்போது, நான்கே மாதம் பழகிய கை என்ன செய்யும்?

இதைப் பட்டறிந்தே சொல்லுகிறேன். 1990களின் தொடக்கத்தில் என் தந்தையார் வாங்கித்தந்த முதல் கிட்டாரில் ஏழு மாதங்களாகியும் எனக்கு எஃப் கார்டு வரவில்லை. கை சிறியது, எனக்கு இது எழுதிவைக்கவில்லை என்று தீர்மானித்து, அதை ஒரு பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டு ஆர்மோனியத்தைச் சரிசெய்ய வந்த முதியவர் ஒருவர், பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேட்டுவிட்டு அதை இறக்கச் சொன்னார். திண்ணையில் செய்தித்தாளை விரித்து, கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, தையலூசியைவிடச் சற்றே தடித்த ஓர் அரத்தால் நட்டின் பள்ளங்களை ஒவ்வொன்றாக ராவினார். இரண்டு இழுப்பு இழுப்பார், கம்பியை ஏற்றிக் கட்டைவிரலால் தட்டிக் கேட்பார், மீண்டும் ஓர் இழுப்பு. கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று மாலையே எனக்கு எஃப் கார்டு ஒலித்தது. இரண்டாம் கம்பி மட்டும் லேசாக அதிர்ந்தது. ஏழு மாதங்கள் என்னை நானே நொந்துகொண்டதற்கான காரணம், அந்தச் செய்தித்தாளில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளாகக் கிடந்தது. கிட்டார் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆண்டி மூனி, புதிதாகக் கிட்டாரைக் கையில் எடுப்போரில் 90 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் கைவிட்டுவிடுகிறார்கள் என்று கூறியதுண்டு. அவர்களுள் எத்தனை பேருடைய கிட்டாரில் நட் ராவப்படாமல் இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பேன்.

ஆகவே முதலில் கிட்டாரை ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, கம்பிகளின் உயரத்தைச் சீராக்கும் 'செட்டப்' செய்துவிடுங்கள். மகன் விட்டுச்சென்றபின் பல மாதங்கள் சும்மா இருந்த கிட்டார் என்றால், கம்பிகளின் இழுவையில் கழுத்து சற்று முன்வளைந்திருக்கவும் கூடும். கழுத்தினுள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கோலைத் திருகி அதையும் அவர் நேராக்குவார். கம்பிகளையும் மாற்றச் சொல்லுங்கள். பொதுவாகக் கட்டப்படும் 12 எண் கம்பித் தொகுதி (எண் குறையக் குறையக் கம்பி மெல்லியது), கிட்டாரைச் சுமார் 70 கிலோ விசையுடன் இழுத்துப் பிடித்திருக்கிறது. 10 எண் தொகுதியில் இந்த இழுவை பத்துக் கிலோவுக்கு மேல் குறையும். ஓசையின் கனம் சற்றுக் குறையலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இனிக் கைக்கு வருவோம். எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். விரலை ஆறின்மீதும் படிய வைப்பது உண்மைதான். ஆனால் மூன்றாம், நான்காம், ஐந்தாம் கம்பிகளை மற்ற மூன்று விரல்களும் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருப்பதால், ஆள்காட்டி விரல் ஒலிக்கச் செய்ய வேண்டியவை ஆறாம், இரண்டாம், முதல் கம்பிகள் மட்டுமே. இதைப் புரிந்துகொண்ட மறுகணமே பலருக்கும் பிடியின் இறுக்கம் தளர்வதைக் கண்டிருக்கிறேன். விரலின் சதைப்பற்றான உட்புறத்தால் அழுத்தாமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்றே புரட்டி, எலும்பு தட்டுப்படும் ஓரத்தால் அழுத்துங்கள். கட்டைவிரலால் கிடுக்கியைப் போல் நெருக்காமல், முழங்கையைத் தளரவிட்டு, கையின் எடையே கம்பியைப் பின்னுக்கு இழுக்கும்படி செய்யுங்கள்.

அதே பிடியை முதலில் ஐந்தாம் ஃப்ரெட்டில் பழகுங்கள். அங்கே அது ஏ மேஜர். கம்பி சற்று இணங்கிப்போகும். அங்கே தெளிவாக ஒலித்தபின் நான்காவதுக்கும், பிறகு மூன்றாவதுக்கும் இறங்கலாம். மூன்றாவதில் அது உங்களுக்குத் தெரிந்த ஜி கார்டு என்பதால், சரியாக ஒலிக்கிறதா என்பதைக் காதே சொல்லிவிடும். முதல் ஃப்ரெட்டுக்கு வந்துசேர இரண்டு மாதங்கள் ஆகலாம், ஆகட்டும்.

அதுவரை பாட்டை நிறுத்திவைக்காதீர்கள். என் கருத்தில் நீங்கள் செய்த ஒரே தவறு, எஃப் வரும்வரை வேறெதையும் வாசிப்பதில்லை என்று இருந்துவிட்டதுதான். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று போகும் பாடலை, ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வியை) மாட்டிக்கொண்டு ஜி, ஈ மைனர், சி, டி என்ற வடிவங்களில் வாசியுங்கள். சுருதி சற்றும் மாறாது. நான்கும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கார்டுகள். நாள்தோறும் ஐந்து நிமிடம் எஃப், பத்து நிமிடம் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் முடிந்ததும், வந்தாலும் வராவிட்டாலும், எஃப் கார்டை அன்றைக்கு விட்டுவிடுவது முக்கியம்.

நீங்கள் வாய்ப்பாட்டு கற்றவர் என்பதால் உங்களிடம் இன்னொன்றும் சொல்லலாம். சரளி வரிசையை உங்கள் ஆசிரியர் முதல் நாளே மூன்றாம் காலத்தில் பாடச் சொல்லியிருக்க மாட்டார். முதற்காலத்தில் ஸ்வரம் சுருதியில் நின்றபிறகே இரண்டாம் காலம். கார்டு மாற்றத்துக்கும் அதே முறைதான். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்டு என்று மாற்றுங்கள். தடுமாறாமல் வந்தபின் இரண்டு தட்டுக்கு ஒன்று. பாட்டு வகுப்பில் பொறுமையோடு ஏற்றுக்கொண்ட ஒன்றை, கிட்டார் என்று வந்ததும் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். கிட்டாரை விளையாட்டாக வாசித்துவிடலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

வயதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஐம்பதைக் கடந்தபின் என்னிடம் சேர்ந்து, எஃப் போல ஒரு விரலைக் குறுக்கே படியவைக்கும் பார் கார்டு வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இளையவர்களைவிடச் சில வாரங்கள் கூடுதலாகப் பிடித்தது, அவ்வளவே.

கேள்வி: அண்ணா, நான் வேலூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் காணொளிகளைப் பார்த்தே கிட்டார் கற்றுவருகிறேன். நாற்பது பாடல்களின் தொடக்க இசை தெரியும். ஆனால் முழுதாக ஒரு பாடல்கூட வாசிக்கத் தெரியாது. என்னைவிடச் சிறிய பையன்கள் இணையத்தில் வாசிப்பதைப் பார்க்கும்போது, இனி எதற்கு இது என்று தோன்றுகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்?
– வாசகர், வேலூர்

பதில்: தம்பி, நாற்பது தொடக்கங்களைக் கற்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அந்த உழைப்பு வீண்போகவில்லை. ஆனால் ஒரு பாடலின் கடினமான பகுதி, தொடக்க இசை முடிந்து பல்லவியில் பாடகர் நுழைந்தபிறகுதான் தொடங்குகிறது. நான்கு நிமிடம் தாளம் தளராமல் ஸ்ட்ரம்மிங்கை (கம்பிகளை மேலும் கீழும் மீட்டுவதை) காப்பது, ஓரிடத்தில் தவறினாலும் நிறுத்தாமல் அடுத்த ஆவர்த்தத்தில் சேர்ந்துகொள்வது, பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் கையை அடக்குவது – இவற்றை இரண்டு ஆண்டுகளில் உங்கள் கை ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை. ஒவ்வொரு பாடலிலும் கடினமான பகுதி வந்ததும் அடுத்த காணொளிக்குப் போய்விட்டீர்கள். தேர்ச்சி நின்றுவிட்டதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றே கார்டுகள் உள்ள ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க இசையை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் முடியும்வரை வாசியுங்கள். வேகம் பாதியாக இருக்கலாம். இடையில் நிறுத்துவது மட்டும் கூடாது. முதல்முறை வாசித்ததைக் கைப்பேசியில் பதிவுசெய்து, யாருக்கும் அனுப்பாமல், தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரங்கள் கழித்து மறுபடி ஒருமுறை பதிவுசெய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கையின் தேர்ச்சி நாளுக்கு நாள் மிகச் சிறிய அளவில் நிகழ்வதால், வாசிப்பவருக்கு அது தெரிவதில்லை. ஆறு வாரத்து இடைவெளியில் அது காதில் விழும். இணையத்தில் வாசிக்கும் அந்தச் சிறுவனோடு உங்களை ஒப்பிடுவதில் எந்த நியாயமும் இல்லை. அவன் எத்தனை முறை எடுத்த பதிவில் எதை வெளியிட்டான் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆறு வாரத்துக்கு முந்தைய உங்களோடு ஒப்பிடும்போது எல்லாமே கண்ணெதிரே இருக்கின்றன.

இன்னொன்று, இதுதான் முக்கியமானது: தனியாக வாசிப்பதை நிறுத்துங்கள். உங்கள் விடுதியில் பாடத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். வாரத்துக்கு ஒருமுறை அவரோடு உட்காருங்கள். தமிழ்நாட்டின் கிட்டார் கலைஞர்கள் பலர் தேவாலயப் பாடகர் குழுக்களில் வாசித்துத் தேறியவர்கள். ஞாயிறு காலையில் பாடகர் குழு எழுந்து நின்றுவிட்டால், எனக்கு இன்னும் கை வரவில்லை என்று சொல்ல வழியில்லை. வாசித்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் அவர்களுக்குச் செய்ததை எந்தக் காணொளியும் செய்துவிடாது. பாடுபவருக்கு உங்கள் சுருதி எட்டவில்லையென்றால் நீங்கள் கார்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டிவரும். அவர் வேகமெடுத்தால் பின்தொடர வேண்டிவரும். இரண்டே மாதத்தில் உங்கள் வாசிப்பில் வேறுபாடு தெரியும். எந்தப் பாடலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, கோவையில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 26. ஓராண்டு கிட்டார் கற்றிருந்தேன். எட்டு மாதங்களுக்கு முன் பிரஸ் இயந்திரத்தில் இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. புண் ஆறிவிட்டது. நண்பர்கள் மறுபடி வாசிக்கச் சொல்லுகிறார்கள். எடுத்துப் பார்த்தேன், சி கார்டுகூட வரவில்லை. விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகர், கோவை

பதில்: தம்பி, விற்காதீர்கள். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. உங்களைப் போன்றே அடிபட்ட ஒருவரின் கதை உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் டோனி அயாமி என்ற இளைஞர், 17ஆம் வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலைபார்த்த கடைசி நாளன்று, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் இயந்திரத்தில் இழந்தார். இடதுகைக்காரர் என்பதால் கம்பிகளை அழுத்துவது அந்த வலது கையால்தான். மனமுடைந்திருந்த அவருக்குத் தொழிற்சாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக்காட்டினார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928இல் நேர்ந்த தீவிபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போன பின், முக்கியமாக இரண்டே விரல்களைக் கொண்டு வாசித்து, 1934இல் பாரிஸில் தொடங்கிய குழுவின் மூலம் ஐரோப்பிய ஜாஸ் இசையின் பெரும்புள்ளியானவர். அதைக் கேட்ட அயாமி, பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறைகள் செய்து, தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளைக் கட்டினார். பிற்பாடு விறைப்பைக் குறைக்கச் சுருதியையும் இறக்கினார். 1970இல் வெளிவந்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தொகுப்பில் கிட்டார் வாசித்தவர் அவரே.

உங்கள் நிலை அவருடையதைவிட எளிது. ஒரு விரலின் நுனி மட்டுமே போயிருக்கிறது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் கொண்டு பிடிக்கக்கூடிய கார்டுகளிலிருந்து தொடங்குங்கள்: ஈ மைனர், ஏ மைனர் செவன், சி மேஜர் செவன், ஜி சிக்ஸ், டி சஸ் டூ. இந்த ஐந்தும் ஒன்றோடொன்று இழைந்துபோகும். ஜி சுருதியில் அமைந்த எளிய பாடல்கள் பலவற்றை இவற்றை வைத்தே பாடலாம். இதனோடு, மோதிர விரலின் வேலையைச் சுண்டுவிரலுக்குப் பழக்குங்கள். சி கார்டில் ஐந்தாம் கம்பியைச் சுண்டுவிரலால் எட்டிப் பிடிப்பது முதல் மாதம் மிகக் கடினமாக இருக்கும். அந்த விரலுக்கு இதுவரை இப்படியொரு பொறுப்பு வந்ததில்லை. 10 எண் கம்பிகளைக் கட்டிக்கொண்டால் அதற்குச் சற்று உதவியாக இருக்கும். கிட்டாரை மாற்றிப்பிடித்து வலது கையால் அழுத்தக் கற்கலாமே என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். இரண்டு கைகளும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டிவரும் என்பதால், சுண்டுவிரலுக்கு ஆறு மாதமாவது வாய்ப்பளித்துப் பார்க்காமல் அந்த முடிவுக்குப் போக வேண்டாம். நீங்கள் இரும்போடு வேலை செய்பவர். விரல் உறை ஒன்றை எனக்குத் தெரிந்த எந்தக் கிட்டார் ஆசிரியரையும்விட நன்றாகச் செய்துகொள்ள உங்களால் முடியும் என்றே நம்புகிறேன். செய்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இதே நிலையில் இருக்கும் வேறொருவருக்கு அது பயன்படும்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் கற்கத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. விரல் நுனிகள் எரிகின்றன. பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டுமா, நிறுத்திவிட வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐயா, நுனியில் மட்டும் எரிச்சல் என்றால் கவலை வேண்டாம், தோல் தடித்துவருகிறது, இன்னும் சில வாரங்களில் அடங்கிவிடும். ஒரே மூச்சில் அரைமணி வாசிப்பதற்குப் பதிலாகக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். குளித்த உடனே, தோல் ஊறியிருக்கும்போது, வாசிக்காதீர்கள். ஆனால் மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி எடுத்தாலும், விரல்கள் மரத்துப்போனாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அன்று.